அடைப்பும் மைச்செலவும்: இங்க்ஜெட் பிரிண்டர் குறித்து ஓர் ஆய்வு

இங்க்ஜெட் பிரிண்டர் வைத்திருப்போர் சொல்லும் குறைகள் பெரும்பாலும் இரண்டில் அடங்கிவிடும். சில வாரம் தொடாமல் விட்டால் எழுத்துகளின் நடுவே வெள்ளைக் கோடுகள் விழுகின்றன, அல்லது ஒரு நிறமே வராமல் போய்விடுகிறது என்பது ஒன்று; மைக்காகச் செய்யும் செலவு ஓரிரு ஆண்டுகளில் பிரிண்டரின் விலையையே தாண்டிவிடுகிறது என்பது மற்றொன்று. முன்னதைப் பழுதுபார்ப்பவரின் வேலை என்றும் பின்னதை நிறுவனங்களின் பேராசை என்றும் தனித்தனியே வைத்துப் பேசுவதே வழக்கமாக இருக்கிறது. கருவியின் அமைப்பையும் அது வளர்ந்து வந்த வரலாற்றையும் சேர்த்து நோக்கினால், இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பது புலப்படும்: மை காய்ந்துவிடாமல் காக்கும் ஏற்பாடே மையைத் தின்கிறது, அடைப்புக்குப் பரிகாரமாக உருவான கழற்றி எறியும் கார்ட்ரிட்ஜே பின்னாளில் நிறுவனங்களின் நிலையான வருவாயாக மாறியது.

மையைத் துளிகளாகத் தெறிக்கவிட்டு எழுதும் எண்ணம் கணினியைவிடப் பழையது. கடலடித் தந்திச் செய்திகளைப் பதிவதற்காக லார்ட் கெல்வின் 1867-இல் காப்புரிமை பெற்ற சைஃபன் ரிக்கார்டர், தாளைத் தொடாமலே மையை அதன் மீது விழச் செய்தது. சுவீடனைச் சேர்ந்த ரூனே எல்ம்க்விஸ்ட் 1951-இல் காப்புரிமை பெற்ற கருவியோ மருத்துவ அளவீடுகளை வரைவதற்கானது. வேண்டும்போது மட்டும் ஒரு துளியை விடுவிக்கும் இன்றைய முறை 1970-களில்தான் உருப்பெற்றது. அதில் இரு வழிகள் உண்டு. கேனான் நிறுவனத்தின் இச்சிரோ எண்டோ 1977-இல், மை நிரம்பிய சிரிஞ்ச் ஊசியின் மீது சூடான சால்டரிங் அயர்ன் தற்செயலாகப் பட்டபோது ஊசி முனையிலிருந்து மை தெறித்ததைக் கவனித்ததிலிருந்து பிறந்தது வெப்ப முறை. ஏறத்தாழ அதே காலத்தில் எச்.பி. நிறுவனத்தின் ஜான் வாட்டும் தனியே இதே வழியை எட்டினார். துளைக்குப் பின்னே உள்ள நுண்ணிய மின்தடை சில மைக்ரோ வினாடிகளில் ஏறக்குறைய 300 பாகை செல்சியசை எட்ட, அதை ஒட்டியிருக்கும் மைப்படலம் ஆவியாகிக் குமிழாகிறது; குமிழ் ஒரு துளியை வெளியே தள்ளிவிட்டுச் சுருங்க, அந்த இடத்தில் புதிய மை வந்து நிறைகிறது. எப்சனும் பிரதரும் கைக்கொண்ட மற்றொரு வழி பீசோ முறை. மின்னழுத்தம் பட்டால் வடிவம் மாறும் படிகத்தகடு மை அறையின் சுவரை அழுத்த, துளி வெளியேறுகிறது. இதில் சூடு இல்லை. எப்சனின் மைக்ரோ பீசோ ஹெட் (துளைகள் வழியே துளிகளை விடுவிக்கும் பகுதி) 1993-இல் ஸ்டைலஸ் 800 மாதிரியோடு சந்தைக்கு வந்தது.

இந்த வேறுபாட்டின் விளைவு ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடவில்லை. வெப்ப முறையில் மின்தடைகள் காலப்போக்கில் தேய்ந்து எரிந்துபோகும், துளைகளும் அடைபடும். 1984-இல் வெளிவந்த எச்.பி. திங்க்ஜெட் இதற்குக் கண்ட விடை, 12 துளைகள் கொண்ட ஹெட்டையும் மைப்பையையும் ஒரே சிறு உறுப்பாக்கி, மை தீர்ந்ததும் ஹெட்டையும் சேர்த்து எறிந்துவிடச் செய்ததாகும். முந்தைய இங்க்ஜெட் கருவிகளைப் பயன்படுத்தியோர் அடைப்போடு பட்ட பாட்டை நினைத்தால், அது பொறியியல் நோக்கில் நேர்மையான தீர்வு என்றே சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறை மை வாங்கும்போதும் புதிய ஹெட்டும் கிடைத்துவிடும். ஆனால் மையின் விலையோடு ஹெட்டின் விலையும் அன்று முதல் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது. இன்று எச்.பி.யின் 802, 803, கேனானின் பி.ஜி., சி.எல். வரிசை எனக் கடைகளில் விற்கும் சிறு கார்ட்ரிட்ஜ்கள் இந்த மரபைச் சேர்ந்தவை. பீசோ ஹெட் விலை கூடியது, நெடுநாள் உழைப்பது என்பதால் அது பிரிண்டரிலேயே நிலையாகப் பொருத்தப்பட்டது. அது கெட்டால் புது ஹெட்டின் விலை பல வேளைகளில் புது பிரிண்டரின் விலையை நெருங்கும். ஆகவே ஒரு பிரிண்டரின் அடைப்பைப் பற்றிப் பேசுமுன் அதன் ஹெட் கார்ட்ரிட்ஜில் இருக்கிறதா, கருவியில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது முதல் வேலை. பழுதுபார்க்கும் முறை, துணிந்து முயலக்கூடிய எல்லை, தோற்றால் வரும் இழப்பு ஆகிய மூன்றும் அதைப் பொறுத்தே மாறுகின்றன.

அடைப்பு எவ்வாறு நேர்கிறது என்பதைச் சற்று அருகில் சென்று காண்பது பயன் தரும். ஹெட்டின் துளை ஒன்றின் விட்டம் ஏறத்தாழ 20 மைக்ரோமீட்டர். தலைமுடியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு என்று கொள்ளலாம். வெளிவரும் துளியின் அளவு சில பிக்கோலிட்டர், அதாவது ஒரு லிட்டரின் இலட்சம் கோடியில் சில பங்கு. மையில் பெரும்பகுதி தண்ணீர். அதோடு நிறப்பொருள், எளிதில் உலராதபடி காக்கும் கிளிசரின், கிளைக்கால் போன்ற ஈரங்காப்பான்கள், தாளில் சீராகப் பரவச் செய்யும் பொருள், பூஞ்சை பிடிக்காமல் தடுக்கும் மருந்து ஆகியவை சிறிதளவு கலந்திருக்கும். துளையின் வாயில் மை காற்றைச் சந்திக்கும் இடத்தில் தண்ணீர் ஓயாமல் ஆவியாகிறது. தண்ணீர் குறையக் குறைய எஞ்சும் மை தடித்துப் பாகுபோலாகி, ஹெட் தரும் சிறு உந்துவிசைக்கு அசைய மறுக்கிறது. மேலும் நாள் கடந்தால் அது இறுகிய அடைப்பாகவே ஆகிவிடும். மூடி போடாமல் வைத்த பேனாவுக்கு நேர்வதுதான் இங்கே நூற்றுக்கணக்கான துளைகளுக்கு ஒரே நேரத்தில் நேர்கிறது.

இதைத் தடுக்கவே, அச்சிடாத நேரத்தில் ஹெட் வலப்பக்க ஓரத்திற்குச் சென்று ரப்பர் விளிம்புள்ள ஒரு சிறு மூடியின் மீது அமர்கிறது. மூடிக்குள் ஈரமான பஞ்சு இருக்கும். அதன் அடியில் ஒரு பம்பும், அருகே ஹெட்டின் அடிப்பரப்பைத் துடைக்கும் ரப்பர் தகடும் இருக்கும். அடைப்புகளில் கணிசமானவை ஹெட்டிலிருந்து தொடங்குவதில்லை என்பதைப் பழுதுபார்ப்போர் நன்கறிவர். மூடியின் விளிம்பில் காய்ந்த மையும் தூசியும் படிந்து அது ஹெட்டோடு பொருந்தாமற்போக, ஹெட் இரவும் பகலும் காற்றில் காய்கிறது. ஹெட்டைக் கழுவும் கிளீனிங் கட்டளை கொடுத்தாலும் பம்ப் மையை இழுக்காமல் அந்த இடைவெளி வழியே காற்றைத்தான் இழுக்கிறது. பிரிண்டரின் பொத்தானை அழுத்தி அணைக்காமல் சுவரிலுள்ள சுவிட்சை நேரே அணைப்பதும் இதே கேட்டை விளைவிக்கும். வேலையின் நடுவே மின்சாரம் நின்றால் ஹெட் தன் இடத்திற்குத் திரும்பாமல் பாதி வழியிலேயே திறந்த வாயோடு நின்றுவிடும். யுபிஎஸ் இல்லாமல் பிரிண்டரை ஓட்டும் கடைகளில் மின்வெட்டுக்குப் பின் “லைன் விழுகிறது” என்ற முறையீடு எழுவதன் காரணம் பெரும்பாலும் இதுவே.

நிறப்பொருளின் தன்மையும் கருதத்தக்கது. டை மை என்பது நிறப்பொருள் தண்ணீரில் முழுவதும் கரைந்திருப்பது. காய்ந்தாலும் மீண்டும் தண்ணீர் பட்டால் கரையும். பிக்மென்ட் மை என்பது கரையாத நுண்துகள்கள் மிதந்துகொண்டிருப்பது. அச்சு நீரில் நனைந்தாலும் அழியாது என்பது அதன் சிறப்பு, ஹெட்டில் காய்ந்தால் எளிதில் கரையாது என்பது அச்சிறப்பின் மறுபக்கம். கேனானின் ஜி வரிசையில் கறுப்பு பிக்மென்ட்டாகவும் மற்ற நிறங்கள் டையாகவும் இருப்பது எழுத்து கூர்மையாக விழ வேண்டும் என்பதற்காக. ஒரு வகை மை இருந்த தொட்டியில் மற்றொரு வகையை ஊற்றுவதால் வரும் கேடு பெரிது: இரண்டும் சேர்ந்து திரிந்து ஹெட்டின் உட்புற வடிகட்டியிலேயே படிந்துவிட்டால், எந்தக் கழுவலுக்கும் அது அசையாது. மலிவாகக் கிடைக்கிறதென்று புட்டியின் பெயரைப் பாராமல் மை வாங்குவோர் இழப்பது பெரும்பாலும் இவ்வழியில்தான்.

வராத நிறமெல்லாம் காய்ந்த மையால் வராதது ஆகாது. இங்கே நாசில் செக் எனப்படும் சோதனைத் தாள் உதவுகிறது. ஒவ்வொரு துளையும் ஒரு சிறு கோட்டை வரைய, விடுபட்ட கோடு செயல்படாத துளையைக் காட்டிவிடும். இச்சோதனையை ஒரு முறை எடுத்துப் பார்த்துவிட்டுக் கிளீனிங்குக்கு ஓடுவதே பலரது வழக்கம். இடையில் கிளீனிங் கொடுத்து இரண்டு மூன்று தாள்களை எடுத்து அருகருகே வைத்து ஒப்பிட்டால் தெளிவு பிறக்கும். ஒவ்வொரு தாளிலும் அதே இடத்தில் இடைவெளி இருந்தால் அத்துளையில் மை காய்ந்திருக்கிறது. இடைவெளிகள் தாளுக்குத் தாள் இடம் மாறினால், அல்லது முதலில் நன்றாக வந்து போகப் போக மங்கினால், காரணம் காற்றுக் குமிழோ மை போதிய அளவில் வந்து சேராமையோ ஆகும். குமிழ் அழுத்தத்தைத் தானே வாங்கிச் சுருங்கிக்கொள்வதால் துளியைத் தள்ளும் விசை மைக்குச் சென்று சேர்வதில்லை. கார்ட்ரிட்ஜுக்குப் பதில் மைத்தொட்டி உள்ள டேங்க் வகைகளில் மை குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே இறங்கிக் குழாயில் காற்று ஏறியிருக்கலாம்; பழைய மாதிரிகள் சிலவற்றில், வீடு மாற்றும்போது மைக்குழாயை மூடுவதற்கென வைத்த திருகை மீண்டும் திறக்க மறந்திருக்கலாம். இவற்றுக்கு எந்தக் கரைசலும் மருந்தாகாது.

பரிகாரங்களில் முதலாவது கருவியிலேயே உள்ள ஹெட் கிளீனிங். பம்ப் ஹெட்டின் வழியாக மையை உறிஞ்சி எடுக்கும்போது தளர்ந்த அடைப்பும் சேர்ந்து வெளியேறுகிறது. இது இரண்டு மூன்று முறைக்குள் பலிக்காவிட்டால் நான்காவது முறையும் ஐந்தாவது முறையும் பலிப்பது அரிது. மை மட்டும் வீணாகும். நிறுவனங்களின் கையேடுகளே இதைச் சொல்கின்றன என்பது பலர் கவனியாத செய்தி. எப்சனின் எல் 3110 போன்ற மாதிரிகளுக்கான கையேடு, நாசில் செக்கும் கிளீனிங்கும் மூன்று முறை செய்தும் சரியாகாவிட்டால் குறைந்தது 12 மணி நேரம் அச்சிடாமல் விட்டுப் பின் முயலச் சொல்கிறது. கேனான் பிரிண்டர்களின் கையேடு, டீப் கிளீனிங் பலிக்காவிட்டால் அணைத்துவைத்து 24 மணி நேரம் கழித்து மீண்டும் செய்யும்படி அறிவுறுத்துகிறது. அந்த இடைவேளையில் புதிய மை காய்ந்த மையை ஊறவைத்து இளக்குகிறது, சிறு குமிழ்களும் மைக்குள் கரைந்து மறைகின்றன. அவசர வேலையின் நடுவே பிரிண்டர் கெட்டவருக்கு “நாளைக்கு வா” என்னும் இவ்வறிவுரை எரிச்சலூட்டும் என்பதால், அதைப் பின்பற்றுவோர் குறைவு. வெப்ப ஹெட்டில் ஓயாத முயற்சி வேறொரு தீங்கையும் செய்யும்; மின்தடையைக் குளிர்விப்பது அதன் மீதுள்ள மைதான் என்பதால், மை வராத துளையை மீண்டும் மீண்டும் இயக்கினால் மின்தடை எரிந்து, அடைப்பாக இருந்தது நிரந்தரக் கேடாகிவிடும்.

அடுத்தது கையால் செய்வது. ஹெட் உள்ள கார்ட்ரிட்ஜ் ஆனால் வேலை எளிது: நூல் உதிராத துணியை மடித்து இளஞ்சூடான காய்ச்சி வடித்த நீரில் நனைத்து, அதன் மீது துளைப்பரப்பு படும்படி கார்ட்ரிட்ஜைச் சில நிமிடம் நிறுத்திவைத்து, பின் காய்ந்த துணியில் ஒற்றினால் மூன்று நிறங்களும் மூன்று பட்டைகளாகப் பதியும். ஒரு பட்டை வராவிட்டால் மீண்டும் ஊறவைக்கலாம். தேய்ப்பது கூடாது, செம்பு நிற மின்தொடர்புப் பரப்பில் ஈரம் படவும் கூடாது. நிலையான ஹெட் ஆனால், பிரிண்டரின் மின்னிணைப்பைத் துண்டித்து ஹெட்டைக் கையால் மெல்ல நகர்த்தி, மூடியின் விளிம்பையும் துடைப்பான் தகட்டையும் பட்ஸ் கொண்டு முதலில் துடைத்தெடுப்பது முறை. பல வேளைகளில் வேலை அதோடு முடிந்துவிடும். முடியாவிட்டால் மூடிக்குள் உள்ள பஞ்சில் சில துளி கழுவுநீரை விட்டு, ஹெட்டை அதன் மீது நிறுத்தி ஓர் இரவு விடலாம். அதற்கும் அசையாதபோது, மெல்லிய குழாய் செருகிய சிரிஞ்சை ஹெட்டின் மை நுழையும் காம்பில் மாட்டி, நீரை மிக மெதுவாகச் செலுத்துவது கடைக்காரர்கள் கையாளும் முறை. இதில் விசை மிகுந்தால் உள்ளிருக்கும் ஒட்டுப்படலம் விட்டு, நிறங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஈரம் மின்சுற்றை எட்டினால் ஹெட்டோடு போர்டும் போய்விடும்.

எந்த நீர்மத்தால் கழுவுவது என்பதில் கருத்து வேறுபாடு மிகுதி. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், கண்ணாடி துடைக்கும் அம்மோனியாக் கலவை, கடைகளில் விற்கும் ஹெட் கிளீனர் என ஒவ்வொன்றுக்கும் ஆதரவாளர்கள் உண்டு. வேதியியலை ஒட்டிச் சிந்தித்தால் முதலிடம் காய்ச்சி வடித்த நீருக்கே; டை மைக்கு அதுவே போதும், தீங்கும் செய்யாது, பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீராக எந்த ஊரிலும் கிடைக்கும். ஆழ்துளைக் கிணற்று நீரையோ குழாய் நீரையோ பயன்படுத்துவது மை அடைப்பை நீக்கிவிட்டுச் சுண்ணாம்பு அடைப்பை உண்டாக்குவதாகும். பிக்மென்ட் அடைப்புக்குச் சற்று அம்மோனியா கலந்த கழுவுநீர் கூடுதலாக உதவும். ஆல்கஹால் தனித்து நின்றால் விரைவில் ஆவியாவதோடு, பிக்மென்ட் துகள்களைப் பிரித்துவைத்திருக்கும் பொருளைச் செயலிழக்கச் செய்து அவற்றைத் திரியவிடவும் கூடும். அது பெற்றிருக்கும் நற்பெயர் தகுதிக்கு மிஞ்சியது. கொதிக்கும் நீரில் ஹெட்டை முக்குவதைப் பரிந்துரைப்போர், ஹெட்டின் அடுக்குகள் பசையால் ஒட்டப்பட்டவை என்பதை மறந்துவிடுகின்றனர்.

கிளீனிங்கில் வெளியேறும் மை எங்கே செல்கிறது என்ற கேள்வியிலிருந்து செலவுப் பிரச்சினை தொடங்குகிறது. அது பிரிண்டரின் அடியில் உள்ள தடித்த பஞ்சில், அதாவது வேஸ்ட் இங்க் பேடில், தேங்குகிறது. பஞ்சு நிறைந்ததைக் கருவி நேரில் அறிவதில்லை. எத்தனை கிளீனிங் நடந்தது என்ற கணக்கை வைத்து மதிப்பிட்டு, எல்லை வந்ததும் அச்சிடுவதை அடியோடு நிறுத்திவிடும். மென்பொருள் மூலம் அந்தக் கணக்கைப் பூஜ்ஜியமாக்குவதையே கடைகளில் “ரீசெட்” என்கின்றனர். பஞ்சை மாற்றாமலும் கழுவாமலும் ரீசெட் மட்டும் செய்தால் சில மாதங்களில் மை கசிந்து மேசையில் வழியும். கேனான் ஜி வரிசையின் பிற்கால மாதிரிகள் சிலவற்றிலும் எப்சனின் சில மாதிரிகளிலும் இந்தப் பகுதி பயனரே கழற்றி மாற்றும் சிறு பெட்டியாக வந்திருப்பது, காலம் தாழ்ந்தாலும் பாராட்டத்தக்க மாற்றம்.

அந்தப் பஞ்சு நிறைவது காசு கொடுத்து வாங்கிய மையால். அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் 2013-இல், வீட்டில் நடப்பதுபோல விட்டுவிட்டு அச்சிட்டுச் சோதித்தபோது, மாதிரிகள் பலவற்றில் மையில் பாதியோ அதற்கும் குறைவோதான் தாளைச் சேர்ந்தது. எஞ்சியது ஹெட்டைப் பராமரிப்பதில் சென்றது. பெட்டியின் மீது அச்சிடப்படும் பக்க எண்ணிக்கை இதை எடுத்துக்காட்டாது. ஐஎஸ்ஓ 24711 என்னும் தரநிலையின்படி, குறிப்பிட்ட ஐந்து பக்கங்களைத் தொடர்ச்சியாக அச்சிட்டுக்கொண்டே சென்று அந்த எண் பெறப்படுகிறது. நிறுவனங்களுக்கிடையே ஒப்பிட அது நல்ல அளவுகோல்தான். வாரத்துக்கு மூன்று பக்கம் அச்சிடும் வீட்டில், ஒவ்வொரு முறை இயக்கும்போதும் கருவி தானே செய்துகொள்ளும் கழுவலை அது கணக்கில் கொள்வதில்லை. ஆகவே குறைவாக அச்சிடுபவர்தான் பக்கத்துக்கு மிகுதியாகச் செலவிடுகிறார். மூன்று நிறங்கள் ஒரே கூட்டில் உள்ள கார்ட்ரிட்ஜில் மஞ்சள் தீர்ந்தால் மற்ற இரண்டும் இருக்கும்போதே எறிய வேண்டியிருப்பதும் இக்கணக்கில் சேரும்.

பிரிண்டரை அடக்க விலையிலோ அதற்கும் கீழோ விற்று மையில் லாபம் ஈட்டுவது என்னும் வணிக முறையை நிறுவனங்களே மறைப்பதில்லை. எச்.பி.யின் அப்போதைய தலைமை அதிகாரி என்ரிக்கே லோரஸ் 2024-இல் அளித்த தொலைக்காட்சிப் பேட்டியில், வாடிக்கையாளர் பிரிண்டர் வாங்குவது நிறுவனம் அவர் மீது செய்யும் முதலீடு என்ற பொருளிலேயே பேசினார். முதலீட்டைக் காக்க வேண்டுமானால் பிறர் மையைத் தடுக்க வேண்டும். அதற்காக வந்தது கார்ட்ரிட்ஜில் உள்ள சிப். மை அளவைச் சொல்வதும், கார்ட்ரிட்ஜ் யாருடையது என்று அடையாளம் காட்டுவதுமாக அதற்கு இரு வேலைகள். 2016 செப்டம்பர் 13-ஆம் நாள் எச்.பி. பிரிண்டர்கள் பல, முன்பே உள்ளே வைக்கப்பட்டிருந்த மென்பொருளின் கட்டளைப்படி, அதுவரை ஏற்றுவந்த பிற நிறுவனக் கார்ட்ரிட்ஜ்களை மறுக்கத் தொடங்கின. எதிர்ப்பு எழுந்தபின் நிறுவனம் மாற்று மென்பொருளை வெளியிட்டது. ஆயினும் இதுபோன்ற கட்டுப்பாடுகளை வாங்குவோருக்குத் தெளிவாகச் சொல்லாததற்காக இத்தாலியின் போட்டி ஆணையம் 2020-இல் ஒரு கோடி யூரோ தண்டம் விதித்தது. பிரான்சில், திட்டமிட்டுப் பொருளின் ஆயுளைக் குறைப்பதைக் குற்றமாக்கிய 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தை வைத்து, ஹோப் என்னும் நுகர்வோர் அமைப்பு 2017-இல் பிரிண்டர் நிறுவனங்கள் மீது புகார் அளித்தது. மை இருக்கும்போதே தீர்ந்ததாகக் காட்டுவதும் மேற்சொன்ன வேஸ்ட் இங்க் பேடின் கணக்கும் அப்புகாரில் இடம்பெற்றன. அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு லெக்ஸ்மார்க் வழக்கில், ஒரு முறை விற்கப்பட்ட கார்ட்ரிட்ஜின் மீது காப்புரிமையாளரின் காப்புரிமைப் பிடி அற்றுப்போகிறது, அதை வாங்கி மீண்டும் நிரப்பி விற்பது காப்புரிமை மீறல் ஆகாது எனத் தீர்ப்பளித்தது. அவ்வழக்கு லேசர் பிரிண்டரின் டோனர் பற்றியதாயினும் அதன் நியாயம் மைக்கும் பொருந்தும். தீர்ப்பு சட்டத் தடையை நீக்கியது; சிப் என்னும் தொழில்நுட்பத் தடை அப்படியே இருக்கிறது. 2022-இல் உலகெங்கும் சிப் தட்டுப்பாடு நேர்ந்தபோது, சிப் இல்லாத டோனர்களை அனுப்ப நேர்ந்த கேனான், ஜெர்மனியில் தன் வாடிக்கையாளர்களுக்கு எச்சரிக்கையைப் புறந்தள்ளும் வழியைத் தானே சொல்லிக்கொடுக்க வேண்டியதாயிற்று. சிப் இன்றியும் அச்சு வரும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி தேவையில்லை.

இந்திய, தென்கிழக்காசியச் சந்தைகள் நீதிமன்றத்துக்குப் போகாமலே வேறு வழி கண்டன. கார்ட்ரிட்ஜில் ஊசியால் மை ஏற்றும் ரீஃபில் கடைகள் ஒருபுறம் பெருகின. மறுபுறம், பிரிண்டரின் பக்கத்தில் நான்கு புட்டிகளை வைத்துக் குழாய் மூலம் ஹெட்டுக்கு இடைவிடாமல் மை கொண்டுசெல்லும் வெளி ஏற்பாட்டைப் பழுதுபார்ப்போரே பொருத்தித் தந்தனர். புட்டி ஹெட்டைவிட உயரத்தில் இருந்தால் மை தானே வழியும், மிகத் தாழ்ந்தால் பின்வாங்கிக் காற்று ஏறும் என்பதுபோன்ற நுணுக்கங்களை அவர்கள் அனுபவத்தில் கற்றனர். இந்த மாற்றுவேலை மிகப் பரவலாக இருந்த இந்தோனேசியாவில்தான் எப்சன் 2010-இல் தன் சொந்த டேங்க் பிரிண்டரை முதன்முதலாக வெளியிட்டது. அடுத்து இந்தியா முதலிய நாடுகளுக்கு வந்த இவ்வகை, அமெரிக்காவை 2015-இல்தான் சென்றடைந்தது. கேனான் அதே 2015-இல் ஜி வரிசையோடும், எச்.பி. 2016-இல் ஜிடி வரிசையோடும் பின்தொடர்ந்தன. தெருமுனைப் பழுதுபார்ப்பவரின் கைவேலையைப் பெருநிறுவனம் தொழிற்சாலைக்குள் கொண்டுபோன அரிய நிகழ்வு இது. அவருக்குரிய பெயர் மட்டும் எந்த விளம்பரத்திலும் வரவில்லை.

டேங்க் முறை வணிகக் கணக்கையே புரட்டிப்போட்டது. பிரிண்டரின் விலை இருமடங்குக்கும் மேலாகக் கூடியது, மையின் விலையோ சரிந்தது. எப்சனின் 003 கறுப்பு மை 65 மில்லி லிட்டர். நிறுவனம் சொல்லும் அளவு 4500 பக்கம். புட்டி 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பக்கத்துக்கு 9 பைசாவுக்குள் அடங்கும். 500 தாள் கொண்ட ஏ4 கட்டு 250 ரூபாய்க்குக் கிடைத்தாலும் தாளுக்கு 50 பைசா ஆகிறது. மையைவிடத் தாள் விலை கூடிய இந்நிலை, ஐந்து மில்லிக்கும் குறைவான மையுள்ள கார்ட்ரிட்ஜைப் பல நூறு ரூபாய்க்கு வாங்கி ஓரிரு நூறு பக்கங்களில் தீர்த்தவருக்கு நம்புதற்கரியது. இவ்வளவு மலிந்தபின் பிற நிறுவன மையைத் தேடிப் போவதில் மிச்சமாவது சொற்பம்; ஹெட்டைப் பணயம் வைத்து அந்தச் சொற்பத்தை மிச்சப்படுத்துவது, நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் அடிக்கும் கடைகளுக்கன்றி மற்றவர்களுக்குப் பொருளற்றது.

ஆனால் டேங்க் முறை செலவைத் தீர்த்ததே ஒழிய அடைப்பைத் தீர்க்கவில்லை. ஒரு வகையில் அதைக் கூட்டியிருக்கிறது. கார்ட்ரிட்ஜ் முறையில் ஹெட் அடைபட்டால் போவது சில நூறு ரூபாய். பீசோ டேங்க் பிரிண்டரில் போவது கருவியே. மை மலிவு என்பதால் விலை கூடிய பிரிண்டரை வாங்கி, கோடை விடுமுறை முழுவதும் தொடாமல் வைத்துவிடும் குடும்பங்களே பழுதுபார்க்கும் கடைகளுக்குத் தவறாமல் வருவோர். வாரம் ஒரு முறை நான்கு நிறமும் கலந்த ஒரு பக்கத்தை அச்சிடுவது போதிய காப்பு. அதற்காகும் மை, ஒரே ஒரு கிளீனிங்குக்கு ஆவதில் சிறு பங்குதான். பிரிண்டரைப் பொத்தானால் அணைப்பதும், தூசி படாமல் துணி போட்டு மூடுவதும், மை அளவைக் கோட்டுக்குக் கீழே விடாமலிருப்பதும் இதோடு சேர வேண்டியவை.

பழைய பிரிண்டர்களைச் சரிசெய்வதற்கு ஓர் எல்லை வைத்துக்கொள்வதும் தேவையாகிறது. ஹெட்டை மாற்ற வேண்டும் என்று கடைக்காரர் சொல்லும் நிலையில், புதிய கருவியின் விலையில் பாதிக்கு மேல் செலவாகுமானால் கைவிடுவதே கணக்கு. இந்தியாவில் 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள், பிரிண்டர்களையும் கார்ட்ரிட்ஜ்களையும் பெயர் சொல்லிப் பட்டியலில் சேர்த்து, அவற்றை மறுசுழற்சிக்கு உட்படுத்தும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மீது வைத்திருக்கின்றன. பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போகும் பிரிண்டரின் அடியில் மை தோய்ந்த பஞ்சு அப்படியே இருக்கும் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

யாருக்கு எது பொருந்தும் என்பது மாதம் எத்தனை பக்கம் என்ற ஒரே எண்ணிலிருந்து பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது. இ-சேவை மையம், புராஜெக்ட் அச்சிட்டு பைண்டிங் செய்யும் ஜெராக்ஸ் கடை, வினாத்தாள் அடிக்கும் டியூஷன் சென்டர் போன்ற இடங்களில் ஹெட் காய நேரமே இருப்பதில்லை. அவர்களுக்கு டேங்க் இங்க்ஜெட்டைவிடச் சிக்கனமானது வேறில்லை. பள்ளிப் பிள்ளைகள் உள்ள, வாரம் தவறாமல் வண்ணத்தில் ஏதேனும் அச்சிடும் வீட்டுக்கும் அது ஏற்றது. எப்போதாவது ஒரு விண்ணப்பம், ஒரு பயணச்சீட்டு என்று மாதம் பத்துப் பக்கம் அடிப்பவருக்கு எந்த இங்க்ஜெட்டும் இழப்புதான். கடையில் அச்சிட்டுக்கொள்ளக் கொடுக்கும் காசு, ஆண்டு முழுவதும் கூட்டினாலும், ஒரு ஹெட்டின் விலையைத் தொடாது. கடையில் உள்ள குறை வேறு: ஆதாரையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பி அச்சிடும்போது அவற்றின் படிகள் அங்கேயே தங்கிவிடுகின்றன. அதை விரும்பாதவருக்கு உரியது கறுப்பு மட்டும் அடிக்கும் சிறு லேசர் பிரிண்டர். டோனர் உலர்ந்த தூள் என்பதால் ஆறு மாதம் தொடாமல் வைத்திருந்து எடுத்தாலும் முதல் பக்கமே தெளிவாக வரும்; வண்ணப்படம் வேண்டிய அன்று மட்டும் கடைக்குப் போனால் போதும்.